பாவு இருக்கும்போது வாடகைப் பேச்சில்லை

சம்பூர்ணம் வீடு பார்க்கப் போனால் முதலில் தரையைத்தான் பார்ப்பாள். மற்றவர்கள் கூரை ஒழுகுமா, கிணற்றில் தண்ணீர் ஊறுமா, பக்கத்து போர்ஷன்காரி சண்டைக்காரியா என்று விசாரித்துக்கொண்டிருக்கும்போது, இவள் வாசலைத் தாண்டியதும் தலையைக் குனிந்துகொண்டு, தொலைந்த மூக்குத்தியைத் தேடுகிறவள் மாதிரி கூடத்தைச் சுற்றி வருவாள். வீட்டுக்காரர்களுக்கு இது பிடிக்காது. என்ன தேடுகிறாய் என்று கேட்பார்கள். ஒன்றுமில்லை என்பாள். அவள் தேடியது மூடிய குழிகளை.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறி என்றால் குழித்தறிதான். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகளை மிதித்து நெய்ய வேண்டும். வாடகைக்கு இருக்கிற நெசவாளி வீட்டைக் காலி செய்யும்போது அந்தக் குழியில் மண் கொட்டி, இடித்து, சாணி மெழுகிக் கொடுத்துவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் அதே இடத்தில் தோண்ட முடியாது. கொட்டிய மண் சரிந்து விழும். கொஞ்சம் தள்ளிப் புதிதாக வெட்டிக்கொள்வார். மூடிய குழியை எவ்வளவு அழகாக மெழுகினாலும் ஒரு மழைக்காலம் போனால் லேசாக அமுங்கிவிடும். கூடத்தில் அமுங்கின இடம் எத்தனையோ, அத்தனை குடும்பம் அந்த வீட்டுக்காரருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான்கு வீடுகளில் குழியை மிதித்து மூடியவளுக்கு ஐந்தாவது வீட்டின் தரை தானாகவே புரிந்துவிடும்.

அவள் பிறந்தது ஏனாத்தூர்ப் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர். காசிநாதனைக் கட்டிக்கொண்டு பாளையத்துக்கு வந்தபோது அவளுக்குத் தறி என்றால் என்னவென்றே தெரியாது. காசிநாதன் கூலிக்கு நெய்கிறவன். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், இவன் நெய்து கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொள்வான். கரை வேறு நிறம், உடல் வேறு நிறம் என்று நெய்கிற புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். கல்யாணமான ஆறாம் மாதமே சம்பூர்ணம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா, அதாவது ஊடை நூல் சுற்றிய ஓடம், விட ஆரம்பித்துவிட்டாள். காசிநாதன் அதிகம் பேசாதவன். கோபம் வந்தால் கொஞ்சம் ஓங்கி நெய்வான், அவ்வளவுதான். ஆகவே வீட்டுக்காரர்களோடு பேசுகிற வேலை முழுக்க இவள் தலையில் விழுந்தது.

அறுபத்தாறாம் வருஷம் அவர்கள் குடியிருந்தது பஞ்சாட்சரத்தின் வீட்டில். அவர் மரக்கடை வைத்திருந்தவர். நீளமாக ஒரே ஓட்டுக் கூரை, அதன் கீழ் வரிசையாக ஆறு போர்ஷன், ஆறிலும் நெசவாளிகள். பஞ்சாட்சரம் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. வாசலில் நின்று, செருப்பைக் கூடக் கழற்றாமல், தலையை மட்டும் உள்ளே நீட்டி, “பாவு ஏத்தியாச்சா காசி?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டுகிற பட்டு இழைகள்; ஒரு பாவில் மூன்று புடவை வரும். ஏற்றியாகிவிட்டது என்று காசிநாதன் தலையாட்டுவான். தொழிலில் இவ்வளவு அக்கறை உள்ள வீட்டுக்காரர் கிடைத்தாரே என்று மனம் குளிர்ந்து, முதல் தடவை சம்பூர்ணம் அவருக்கு டம்ளர் நிறையக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தார். வரி ஏறிவிட்டது, ஓடு மாற்ற வேண்டும், வரும் மாதத்திலிருந்து வாடகையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்றார்.

இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது. மூன்றாவது தடவைதான் அவளுக்கு உறைத்தது. அந்த மனிதர் தொழிலைப் பற்றி விசாரிக்கவில்லை. கோழி கூண்டுக்குள் போயாகிவிட்டதா என்று பார்க்கிறார். பாவு தறியில் ஏறிவிட்டால் நெசவாளி எங்கேயும் போக முடியாது. பாதி நெய்த பாவைச் சுருட்டி, தறியைப் பிரித்து, வேறு வீட்டில் குழி வெட்டி மறுபடி கட்டுவதென்றால் இழை அறும், சிக்கு விழும், புடவையில் கோடு விழும். வாடகையை எவ்வளவு ஏற்றினாலும் வாயை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டியதுதான். கொடுத்த காப்பியை நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது.

அதற்கு முந்தின வீட்டில், அரிசி மில்லுக்குப் பின்னால், அவர்கள் ரோஷப்பட்டுப் பார்த்தும் இருந்தார்கள். வீட்டுக்காரன் வாடகையைக் கண்டபடி ஏற்றினான் என்று பாவோடு தறியைக் கிளப்பினார்கள். அந்தப் பாவில் வந்த புடவைகளை முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். ஒன்றும் திட்டவில்லை, அடுத்த பாவு மட்டும் கொடுக்கவில்லை. மாதக்கணக்கில் சும்மா கிடந்தது தறி. காசிநாதன் சாயப்பட்டறையில் தண்ணீர் இறைத்தான், சம்பூர்ணம் கட்டட வேலைக்குச் செங்கல் சுமந்தாள். மறுபடி நெசவுக்கு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இனி அந்த நிலைமை வரக்கூடாது என்று அன்றைக்கே அவள் முடிவு கட்டியிருந்தாள்.

ஆகவே மூன்றாம் தடவை பஞ்சாட்சரம் தலையை நீட்டிவிட்டுப் போன மறுவாரம், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் இவள் திறந்தாள். இந்தப் பாவுக்கு நீங்கள் கேட்கிறதைக் கொடுத்துவிடுகிறோம், பாவு தீர்ந்ததும் கிளம்பிவிடுகிறோம், வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பஞ்சாட்சரத்தின் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

“போ, தாராளமா போ. எங்க போனாலும் குழி தோண்டித்தானே ஆவணும்?” என்றார்.

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவர் சொன்னது உண்மையாக இருந்ததுதான் காரணம். மூன்று புடவை நெய்து முடிவதற்குள் வீடு கிடைக்க வேண்டும். கிடைக்கிற வீடு கடைசி வீடாக இருக்க வேண்டும்.

அமாவாசைக்குத் தறி ஓடாது, அன்று முழுநாளும் அலைந்தாள். மற்ற நாட்களில் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு காசிநாதன் கண்ணசருகிற நேரத்தில் செருப்பில்லாமல் கிளம்பிவிடுவாள். அவள் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வாடகை ஏறவே கூடாது என்று அவள் சொல்லவில்லை. அரிசி விலை ஏறுகிற ஊரில் வாடகை மட்டும் எப்படி ஏறாமல் இருக்கும், அது அவளுக்கும் தெரியும். எப்போது ஏறும், எவ்வளவு ஏறும் என்று குடி வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். இதைக் கேட்டதும் வீட்டுக்காரர்கள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். “அதெல்லாம் அப்பப்ப பாத்துக்கலாம்மா” என்பார்கள். ‘அப்பப்ப’ என்ற சொல் காதில் விழுந்த உடனே அவள் எழுந்துவிடுவாள்.

ஒரு வீட்டில் கூடம் முழுக்க அமுங்கின திட்டுகள், ஒட்டுப்போட்ட பழைய பாவாடை மாதிரி. வீட்டுக்காரர் தங்கமானவர் என்று தரகர் சத்தியம் செய்தார். சம்பூர்ணம் ஒவ்வொரு திட்டாகக் காலால் தொட்டுக் காட்டி, இத்தனை தங்கம் எங்கள் குடும்பத்துக்குத் தாங்காது என்று சொல்லிவிட்டு வந்தாள். இன்னொரு வீட்டில் பளபளவென்று சிமெண்ட் தரை. குழி என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்கள். வேறொரு வீட்டில் எல்லாம் பொருந்தி வந்தது. வாடகை எப்போது ஏறும் என்று கூடச் சொன்னார்கள். கடைசியாக, ஏனாத்தூரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அவள் மறைக்கவில்லை, சொன்னாள். உடனே அந்த வீட்டை ஏற்கெனவே யாருக்கோ சொல்லிவிட்டது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குத் திரும்பி வரும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இரண்டாவது புடவையையும் தறியிலிருந்து அறுத்து முதலாளியிடம் கொடுத்தாயிற்று. பாவு குறைந்துகொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மணியம்மாளின் வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டாள். தெருக்கோடியில் தனி வீடு. வீட்டுக்காரி பின்கட்டில் ஒற்றை ஆளாக இருக்கிறாள், முன்கூடத்தையும் ஓர் அறையையும் வாடகைக்கு விடப்போகிறாள் என்று எண்ணெய்க் கடையில் பேச்சு. சம்பூர்ணம் அப்படியே போனாள். மணியம்மாளுக்கு நாற்பது வயது இருக்கலாம், இவளைவிட ஏழெட்டு வயது கூட. வீட்டைத் திறந்துவிட்டு, பார்த்துக்கொள் என்று ஓரமாக நின்றாள்.

கூடத்துத் தரை சமமாக இருந்தது. ஒரு திட்டு இல்லை, ஓர் அமுக்கம் இல்லை. ஜன்னல் ஓரமாக ஒரு பலகை மட்டும் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால், கீழே குழி. ஒரே ஒரு குழி. அதன் விளிம்பு, நெய்கிறவர் கையூன்றி இறங்கி ஏறுகிற இடம், எண்ணெய் பூசினது மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தது. பல வருஷம் ஒரே ஆள் இறங்கி ஏறாமல் மண் அப்படித் தேயாது. ஒரே குடும்பம் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. போகும்போது குழியை மூடு என்று கூட இந்த அம்மாள் கேட்கவில்லை. இதைவிட நல்ல வீட்டுக்காரி காஞ்சிபுரத்தில் எங்கே கிடைப்பாள்? ஊரெல்லாம் எல்லோரையும் துருவித் துருவிக் கேட்டவள், இங்கே ஒன்றுமே கேட்கவில்லை. தரையே சொல்லிவிட்டதே, வாயால் வேறு கேட்க வேண்டுமா என்ற தெம்பு. மணியம்மாள்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“உங்க வீட்டுக்காரர் ஓங்கி நெய்வாரா, மெள்ள நெய்வாரா? இந்தச் சுவரு பழசு.”

“கோவம் வந்தாத்தான் ஓங்குவாருக்கா. நான் கோவம் வராம பாத்துக்கறேன்” என்றாள் சம்பூர்ணம். கையிலிருந்த அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, போகிற வழியிலேயே மரக்கடையில் ஏறி, எங்களுக்கு வீடு கிடைத்துவிட்டது, குழி கூடத் தோண்ட வேண்டியதில்லை என்று பஞ்சாட்சரத்திடம் சொல்லிவிட்டும் வந்தாள். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கு இருந்த சந்தோஷம் தீபாவளிக்குக் கூட வந்ததில்லை.

மறுநாள் காலையில் தெருவில் யாரோ பாவை நீட்டி, இழை விறைப்பதற்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவடைக்க இழை, இரண்டு பக்கமும் பெண்கள். அடுத்த போர்ஷன் கங்கையம்மாள் அங்கே நின்றாள். சம்பூர்ணம் பெருமை தாங்காமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தேய்ந்த விளிம்பு வரைக்கும். கங்கையம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

“அது அவங்க வீட்டுக்காரர் குழிடி. செத்து ரெண்டு வருஷமாவுது. அந்த வீட்ல குடின்னு ஒருத்தரும் இருந்ததே இல்ல. இப்பத்தான் மொதமொதல்ல வாடகைக்கு வுடுது அந்த அம்மா.”

தரையைப் படிக்கத் தெரிந்தவள் என்ற கர்வம் கஞ்சித் தண்ணீரோடு சாக்கடையில் போயிற்று. குடியே இல்லாத வீட்டில் குடி காலி செய்த தடம் எப்படி இருக்கும்? மணியம்மாள் நல்லவளா, இன்னொரு பஞ்சாட்சரமா என்று அந்தக் குழி ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு மனிதர் தன் சொந்த வீட்டில் நெய்து செத்துப்போனார் என்று மட்டும்தான் சொன்னது. இப்போது இருக்கிற வீட்டையோ விட்டுவிடுவதாக வாயாரச் சொல்லியாயிற்று. பஞ்சாட்சரம் முந்தின நாள் சாயங்காலமே வேறு ஆளிடம் அட்வான்ஸ் வாங்கியிருந்தார்.

அவள் அழுதுகொண்டு நிற்கிறவள் இல்லை. நேரே மணியம்மாள் வீட்டுக்குப் போனாள். மணியம்மாள் முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சம்பூர்ணம் எதிரில் உட்கார்ந்து, தான் செய்த தப்பிலிருந்து ஆரம்பித்தாள். குழியைப் பார்த்துப் பழைய குடி என்று நினைத்ததைச் சொன்னதும் மணியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் அந்தக் குழியைப் பற்றிப் பேசி வெகுநாளாகியிருக்க வேண்டும். பிறகு சம்பூர்ணம் பஞ்சாட்சரத்தின் கதையைச் சொன்னாள், அரிசி மில் வீட்டுக் கதையைச் சொன்னாள், கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“ஏத்த வேணாம்னு நான் சொல்லலக்கா. எப்ப ஏத்துவீங்க, எவ்ளோ ஏத்துவீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. தெரிஞ்சுக்கினு குடி வர்றேன். சொல்ல முடியாதுன்னா அட்வான்ஸக் குடுத்துடுங்க.”

மணியம்மாளுக்கும் பயம் இருந்தது. அவள் தம்பி இளங்கோவன் மெட்ராஸில் வேலையாக இருக்கிறான். குடி வைத்தால் கிளப்ப முடியாது, வாடகையை ஒழுங்காகத் தர மாட்டார்கள், ஏமாந்துவிடாதே என்று அவன் ஆயிரம் சொல்லியிருக்கிறான். யாரை நம்புவது என்று தெரியாமல்தான் இரண்டு வருஷம் முன்கூடத்தைப் பூட்டியே வைத்திருந்தாள். இதையெல்லாம் அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அப்புறம் ஒரு கை அரிசியை அள்ளி, அதைப் பொறுக்கி முடிக்கும் வரைக்கும் பேசாமல் இருந்தாள்.

“தைக்குத் தை ஒரு ரூபா ஏத்தறேன். அதுக்கு மேல கேக்க மாட்டேன். ஆனா தறியில பாவு இருக்கும்போது நான் வாடகைப் பேச்சே எடுக்க மாட்டேன். தை பொறந்து, தறி காலியா இருக்கிற அன்னைக்கு வந்து சொல்றேன். அன்னையிலேர்ந்து ஏத்திக் குடு. சரியா?”

சரி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள் சம்பூர்ணம். பாதி வழியில் கால் தானாக நின்றுவிட்டது. தறி எப்போது காலியாக இருக்கும்? ஒரு பாவு தீர்ந்தால் யாரும் தறியை மொட்டையாக விடுவதில்லை. கடைசிப் புடவையை அறுக்கும்போது பழைய இழைகளின் நுனியை அச்சில், அதாவது இழைகள் ஒவ்வொன்றாக நுழைந்து வருகிற சீப்பில், அப்படியே விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய நுனியோடு முறுக்கிப் பிணைத்து இழுத்துக்கொள்வார்கள். அந்த வேலையைச் செய்வதே அவள்தான். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, ஆயிரக்கணக்கான இழையைப் பிணைத்துப் பிணைத்து அவள் கட்டைவிரலே வழவழத்துப் போயிருந்தது. பழைய பாவின் வாலில் புதுப் பாவின் தலை. தறி ஒருநாளும் காலியாவதில்லை. அப்படியென்றால் வாடகை ஒருநாளும் ஏறாது.

வீட்டில் போய்ச் சொன்னபோது காசிநாதன் நாடாவை நிறுத்திவிட்டு யோசித்தான்.

“போய்ச் சொல்லிடு” என்றான்.

“ஏன் சொல்லணும்? நானா கேட்டேன்? அவங்களே போட்ட கண்டிஷன்.”

ஏமாற்றுவதாக அவள் நினைக்கவில்லை. நான்கு வீட்டுக்காரர்கள் பிடுங்கிக்கொண்டதை ஐந்தாவது இடத்தில் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்வதாக நினைத்தாள். வாங்கினவர்கள் வேறு, கொடுக்கிறவள் வேறு என்கிற கணக்கு அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை. பாவு தீர்ந்தது. பஞ்சாட்சரத்தின் குழியில் மண்ணைக் கொட்டி, யாரையும் தொடவிடாமல் அவளே ஏறி நின்று மிதித்து மூடினாள். அச்சையும் அதில் தொங்கின இழை நுனிகளையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மணியம்மாள் வீட்டில் பால் காய்ச்சினார்கள்.

வீடு நன்றாக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் தறிமேல் நேராக விழுந்தது. மணியம்மாள் பின்கட்டில் இருப்பதே தெரியாது. தை பிறந்தது, தறியில் பாவு இருந்தது, அவள் வாயைத் திறக்கவில்லை. மாதா மாதம் அதே வாடகையை வாங்கிக்கொண்டு, முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அடுத்த தையும் அப்படியே போயிற்று. முதல் வருஷம் சம்பூர்ணத்துக்கு இதில் ஒரு குஷி இருந்தது. இரண்டாம் வருஷம் குஷி போய், வாடகை கொடுக்கிற அன்று மணியம்மாளின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுகிற பழக்கம் வந்தது. அரிசி விலை அப்போது என்ன விற்றது என்று எல்லோருக்கும் தெரியும். பின்கட்டில் முன்பு இரண்டு வேளை எழுந்த புகை இப்போது ஒரு வேளைதான் எழுந்தது. அதைப் பார்க்காத மாதிரி இருக்கவும் சம்பூர்ணம் பழகிக்கொண்டாள்.

மூன்றாம் பொங்கலுக்கு இளங்கோவன் வந்தான். காணும் பொங்கலுக்கு மறுநாள் பகலில், இவர்கள் தறியில் இருக்கும்போது, பின்கட்டில் குரல் உயர்ந்தது. தெருவில் எல்லோரும் வாடகையை இரண்டு தடவை ஏற்றிவிட்டார்கள், நீ என்ன தர்ம சத்திரமா நடத்துகிறாய் என்று கேட்டான். யார், எந்த ஊர் என்று கூடப் பார்க்காமல் குடி வைத்தாய் என்றான். நான் போய்ப் பேசுகிறேன் என்று கிளம்பினான் போலிருக்கிறது. மணியம்மாளின் குரல் நிதானமாக வந்தது.

“தறியில பாவு இருக்குதுடா. இப்ப வாடகைப் பேச்சு எடுக்கக் கூடாது. நான் வாக்குக் குடுத்திருக்கேன்.”

“எப்பத்தான் இருக்காது?” என்றான் அவன்.

பிறகு, சித்திரைக்குள் ஒரு முடிவு தெரியாவிட்டால் வீட்டை விற்றுவிடலாம், நீ என்னோடு மெட்ராஸுக்கு வந்துவிடு என்று அவன் சொன்னது தெளிவாகக் கேட்டது.

சம்பூர்ணத்தின் கையில் நாடா அப்படியே நின்றுவிட்டது. வீடு போகப்போகிறதே என்ற திகில் ஒரு பக்கம். அதைவிட மற்றொன்று அவளை அதிகமாகச் சுட்டது. வாடகைக்காரனிடம் வாக்கைக் காப்பாற்றுகிற வீட்டுக்காரி வேண்டும் என்று தெருத்தெருவாக அலைந்து தேடினாள், தேடினது கிடைத்தும்விட்டது, கிடைத்தவளை இவளே மொட்டையடித்துக்கொண்டிருக்கிறாள். கோழி எப்போது கூண்டில் இருக்கும் என்று பஞ்சாட்சரம் பார்த்தார். இவள் பார்த்ததும் அதுதானே? வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை. காசிநாதன் கொஞ்சம் ஓங்கி நெய்தான்.

மாசியில் அந்தப் பாவின் கடைசிப் புடவையை அறுத்தார்கள். புதுப் பாவு மூலையில் தயாராகச் சுருட்டியிருந்தது. சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியவள், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்து அச்சில் நின்ற பழைய நுனிகளைப் பிடித்தாள். காசிநாதன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னா பண்றே? மறுபடி ஒவ்வொரு இழையா கோக்கணும். நாலு நாள் போயிடும். கோக்கிற ஆளுக்கு வேற கூலி குடுக்கணும்.”

“போவட்டும். தறி காலியா இருக்கணும்.”

“போய் வாயால சொல்லேன். ஒரு ரூபா ஏத்திக்கோங்கன்னு.”

“வாயால சொன்னா அவங்க வாங்க மாட்டாங்க. பாவு இருக்குதேம்பாங்க. அந்த அம்மாவப் பத்தி உனக்குத் தெரியாது.”

நறுக்கிவிட்டாள். அச்சைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, தறிக் கட்டைகளைத் துணியால் துடைத்து, குழியைக் கூடப் பெருக்கினாள். அதற்கப்புறம் பின்கட்டுக்குப் போய், தறி காலியாக இருக்கிறது, வந்து பேசுங்கள் அக்கா என்றாள்.

மணியம்மாள் வந்தாள். ஜன்னல் ஓரத்தில் மொட்டையாக நின்ற தறியைப் பார்த்தாள், தரையில் கிடந்த இழைத் துணுக்குகளைப் பார்த்தாள். குழி விளிம்பில், அந்தத் தேய்ந்த இடத்தில், கையூன்றி மெதுவாக உட்கார்ந்தாள்.

“என் வீட்டுக்காரர் இருவது வருஷம் இந்தக் குழியில நெய்ஞ்சாரு. நான்தான் பக்கத்துல உக்காந்து கரை நாடா வுட்டேன், நான்தான் பாவு பிணைச்சேன். ஒரு நாளாவது தறி காலியா இருந்து நான் பாத்ததில்ல, சம்பூர்ணம்.”

முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு இந்த அம்மாள் யோசித்த அந்த நேரமெல்லாம் சம்பூர்ணத்தின் கண்முன் வந்து நின்றது.

“தெரிஞ்சுக்கினேதான் சொன்னீங்களா?”

“நீ என் தரையப் பாத்து ஆளத் தெரிஞ்சுக்கலாம்னு வந்தே. எனக்குத் தரையெல்லாம் பாக்கத் தெரியாது. வர்றவங்க எப்படிப்பட்டவங்கன்னு தெரிஞ்சுக்க எனக்கு வேற வழி தோணல. நீயே வந்து சொல்லுவேன்னு நெனச்சேன். மூணு தை ஆவும்னு நெனைக்கல.”

சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். போன தைகளுக்கும் சேர்த்து மூன்று ரூபாயாக ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். மணியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை, பேசாத நாளுக்கு வாடகை ஏறாது, பேசின நாளிலிருந்து ஒரு ரூபாய், அதுதான் பேச்சு என்றாள். இளங்கோவனுக்கு இன்றைக்கே சொல்லி அனுப்புகிறேன், வீட்டை விற்கிற பேச்சு இனி இல்லை என்றும் சொன்னாள். சம்பூர்ணம் அப்போதுதான் அழுதாள், கட்டட வேலைக்குப் போன நாளில் கூட அழாதவள்.

காசிநாதன் இழை கோக்க ஆள் கூட்டிவரச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். மணியம்மாள் அவனை நிறுத்தினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாவின் அந்தப் பக்கம் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் இழையைப் பிரித்து நீட்டினாள்.

“அச்ச எடும்மா இப்படி. நான் இழை எடுத்துக் குடுக்கறேன், நீ கோத்துக்கோ. அடுத்த தைக்கு இவ்ளோ வேலை வெக்காதே. வாயால சொன்னாப் போதும்.”